சும்மா கிடைச்ச 320 ஏக்கர்

"அண்ணே, காட்டு நிலம் சல்லிசா வருது, வாங்கிப் போடட்டுமா?"ன்னு நகரத்து நண்பர்கள் கேட்டா, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கதையைச் சொல்லுவேன்.

1909ல் அந்நாட்டு அரசு ஒரு சட்டம் போட்டது. வறண்ட பகுதிகளில் ஆளுக்கு 320 ஏக்கர், கிட்டத்தட்ட இலவசம். அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா நிலம் சொந்தம். 1912ல் அதை மூணு வருஷமாக் குறைச்சாங்க. ஃபோர்ட் ராக் பள்ளத்தாக்குக்குக் குடும்பம் குடும்பமா ஜனங்க வந்தாங்க. 4,000 அடிக்கு மேல இருக்கிற மேட்டுப் பாலை அது. வருஷ மழையே சுமார் 250 மில்லிமீட்டர். கோடையிலும் உறைபனி விழும். புதரை வெட்டி, உழுது ஈரத்தைக் காத்தா மானாவாரியா விளையும்னு நம்பினாங்க. சில வருஷம் மழை கைகொடுத்தது. பிறகு பொய்த்தது. பெரும்பாலானவங்க மூட்டை கட்டினாங்க.

அதே மாநிலத்தில் மெட்ராஸ்னே ஒரு ஊர் இருக்கு. அந்தப் பக்கம் இப்படிக் கொடுத்த நிலங்களை 1930களில் அரசே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிப் புல்வெளியாக்கியது.

பாடம் அதோட முடியல. 1961ல் ஃபோர்ட் ராக்குக்குப் பக்கத்துல, கிறிஸ்துமஸ் பள்ளத்தாக்கில் ஏரி வெட்டி, கோல்ஃப் மைதானம் போட்டு, நகரவாசிகளுக்கு மனை வித்தாங்க.

மழை பேஞ்ச மறுமாசம் எந்த நிலமும் பச்சையாத்தான் தெரியும். சித்திரையில போய்ப் பாருங்க. பக்கத்துக் கிணத்தை எட்டிப் பாத்துட்டு, அப்புறம் விலை பேசுங்க.