டர்பன் கரையில் ஒரு கரைவலை



ஆடி பிறந்து சில நாட்களே ஆன ஒரு காலைப்பொழுதில் டர்பன் நகரின் கடற்கரையில் நின்றேன். தென்னாபிரிக்காவுக்கு அது மாரிகாலம். ஊரிலிருந்து சுமந்து சென்ற கம்பளிச்சட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அயன மண்டலத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்தாலும், வடக்கிலிருந்து இறங்கிவரும் அகுல்ஹாஸ் வெந்நீரோட்டம் அந்தக் கரையைக் குளிரவிடுவதில்லை. கிலோமீற்றர் கணக்கில் நீளும் அந்த மணற்பரப்புக்குத் 'தங்க மைல்' என்று பெயர். அலைமேல் பலகை வைத்துச் சறுக்கும் பிள்ளைகளும், பாசிமணி கோத்து விற்கும் சூலுப் பெண்களுமாகக் கரை கலகலத்துக் கிடந்தது.

என் கண்ணைப் பிடித்தது வேறொன்று. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளத்தில் வளைத்துச் சென்று, மறுதலைப்பைக் கரைக்குக் கொண்டுவந்து இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தார்கள். நம்முடைய கரைவலையேதான். ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் கரையோரமாகச் சாளை மீன் கூட்டம் கூட்டமாய் ஓடும். வலை இழுத்தவர்களில் ஒருவரிடம் பெயர் கேட்டேன். 'கவெண்டர்' என்றார். கவுண்டர்! தமிழ் பேசுவீர்களா என்றேன். சிரித்துவிட்டு ஆங்கிலத்தில், பாட்டி பேசுவா என்றார்.

1497ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் வாஸ்கோ ட காமா கடந்து சென்றதால் அந்த நிலத்துக்கு நேட்டால் என்ற பெயர் வந்தது. 1835இல் கேப் ஆளுநர் பெஞ்சமின் டர்பனின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் உள்ளவை. நமக்கு வேண்டியது 1860 நவம்பர் 16. அன்றுதான் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் அந்தத் துறைக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த சூலு மக்கள் வெள்ளையனின் தோட்டத்தில் கூலிக்கு வர ஒப்பவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களை இறக்கினார்கள். தொடக்கத்தில் மாதச் சம்பளம் 10 சிலிங். 1911இல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள்.

தொகையை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்திருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் கப்பற் பட்டியலில் பதிவாயின. எழுதியவர்கள் வெள்ளைத்துரைகளின் எழுத்தர்கள். அவர்கள் காதில் விழுந்தபடி முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய வரவேற்பறைச் சுவரில், சாமிப் படத்துக்கு அடுத்ததாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்கியது. கப்பற் பட்டியலின் பிரதி. பூட்டனாரின் இலக்கத்தைச் சிவப்பு மையால் சுற்றி வைத்திருந்தார்.

"இதுதான் தம்பி எங்கள் குடும்பப் பட்டயம்" என்றார்.

அந்தப் பூட்டனார் காலத்துக் கதை எளியதன்று. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுண் வரி விதிக்க 1895இல் சட்டம் செய்தார்கள். மூன்று பவுண் என்பது அறுபது சிலிங். மாதம் பத்துப் பன்னிரண்டு சிலிங் பெற்றவனுக்கு அது ஐந்தாறு மாத உழைப்பு! முதலாளி அடித்துப் பல்லுடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி இளம் வழக்கறிஞர் காந்தியிடம் வந்து நின்றது 1894இல், இதே டர்பனில். 1913இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மறு ஆண்டு வரி ஒழிந்தது.

வீட்டுக்காரர் பிறந்தது 'மகசீன் பராக்ஸ்' என்ற குடியிருப்பில். நகரசபையின் இந்தியத் தொழிலாளர் வாழ்ந்த இடம். பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே அங்கிருந்தார்கள். கடல் கூப்பிடு தூரம். தகப்பனார் தெருக் கூட்டும் தொழிலாளி. ஆனால் நல்ல குளிப்பிடங்களில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நட்டிருந்தது. இந்தியருக்கென்று ஒதுக்கிய துண்டு வேறு. 1960களில் அந்தக் குடியிருப்பையும் கலைத்து, கடலிலிருந்து தள்ளி, சட்ஸ்வேர்த் என்ற இடத்துக்கு மக்களை ஏற்றிவிட்டார்கள். எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் என்று அரசு அறிவித்தது 1989 நவம்பரில். கப்பல் வந்ததும் ஒரு நவம்பர்தான். இடையில் 129 ஆண்டுகள்.

கேட்டோ மனோரிலுள்ள அம்பலவாணர் ஆலயத்துக்கும் கூட்டிப்போனார். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயில், 1905 வெள்ளத்தில் போய்விட்டது. இப்போதுள்ளது 1947இல் கட்டியது. பழைய கோயிலில் தப்பிய மரக்கதவுகளை இதில் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு மூதாட்டி ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரத்தைப் பாடிக்கொண்டிருந்தார். ழகரம் போயே போய்விட்டது. திருத்துவதற்கு வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். நாலு தலைமுறையாக அந்தப் பாட்டு எப்படி அங்கே தங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. திருத்த நான் யார்?

இரவு சீட்டு விளையாடக் கூப்பிட்டார்கள். 'துணி' என்றார்கள். துணியன்று, தண்ணி என்ற சொல்லின் திரிபாம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எண்ணிப் பார்த்தேன். ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. நமது முந்நூற்றுநாலு! சில விதிகள் வேறு, தாள்கள் குறைவு. ஆனால் துரும்பு விழுந்ததும் மொழி தேவைப்படவில்லை. மூன்று ஆட்டம் வென்றேன்.

"யார் பழக்கியது?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

பாடசாலை விடுதியில் என்னோடிருந்த ஒரு மலையகப் பையன் என்றேன். சொல்லும்போதே தொண்டை கட்டியது. அவனை நாங்கள் 'தோட்டக்காட்டான்' என்றுதான் கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன். ஊர் எது என்று யாராவது கேட்டால், "கண்டிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வான்.

"அவரும் கப்பலில் வந்த குடும்பமா?"

"இல்லை ஐயா. தோணியில் மன்னாருக்கு வந்து, மாத்தளைவரை காட்டுவழியே நடந்த ஆட்கள். கோப்பிக் காலத்தில். பிறகு தேயிலை. 1948இல் குடியுரிமையும் போனது."

முதியவர் சீட்டைக் கீழே வைத்தார். "அவர்களுக்கும் இலக்கம் இருக்குமே. எந்தத் தோட்டம்?"

மூன்று ஆண்டுகள் அடுத்த கட்டிலில் படுத்தவன் அவன். அந்தத் தோட்டத்தின் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை.