வார்த்தைப்பாடு இல்லாத வீடு

இலங்கையின் அப்போஸ்தலர் என்று கத்தோலிக்கர் போற்றும் யோசேவ் வாஸ் அடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தனியாளைத்தான் நம் கண்முன் நிறுத்துகிறார்கள். 1687இல் கூலியாள் வேடத்தில், வயிற்றுக்கடுப்பில் துவண்டு, யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்தவர். கழுத்தில் பெரிய செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டவர். வாசலுக்கு வந்தவரின் பார்வை அரிசியையும் ஓட்டையும் விட்டு அந்த மணிகளில் ஒரு கணம் தங்கினால், அது பழைய கிறிஸ்தவர்களின் வீடாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. குருவுக்கு இடம்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இலேயே ஆணையிட்டிருந்த நாட்டில் இதைவிட நல்ல உபாயம் கிடைப்பது கடினம். சில்லாலைக் கிராமத்தார் அவரை ஒளித்து வைத்துக் காத்தார்கள். இவ்வளவும் உண்மைதான். ஆனால் இந்தத் தனிமையையே அவருடைய அழைத்தலின் சாரமாகக் கொள்வது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும். அவர் புறப்பட்டு வந்தது ஒரு வீட்டிலிருந்து. பின்னால் நடந்தவை அந்த வீட்டை வைத்துத்தான் விளங்குகின்றன.

அந்த வீடு பழைய கோவாவில் அற்புதச் சிலுவைக் கோவிலை ஒட்டி இருந்தது. கோவாவில் பிறந்தவர்கள் குருப்பட்டம் பெறத் தடையில்லை. துறவற சபைகளின் கதவுதான் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1575இல் கொல்லத்துப் பிராமணரான பெரோ லூயிஸைச் சேர்த்துக்கொண்ட சேசு சபைகூட, அதன்பின் இந்தியர்களுக்கு ஏறக்குறைய முழுவதுமாகக் கதவடைத்துவிட்டது. இந்நிலையில் உள்ளூர்க் குருக்கள் சிலர் ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். 1685இல் வாஸ் அவர்களோடு சேர்ந்து தலைவரானார். பிலிப்பு நேரி ரோமாபுரியில் தொடங்கிய ஒரத்தோரிய முறையை அந்த வீட்டுக்கு ஒழுங்காக்கினார். அந்த முறையில் துறவிகளுக்குரிய வார்த்தைப்பாடுகள் கிடையாது. ஒவ்வொரு வீடும் தன்னைத் தானே ஆள்வது, தலைவரை வீட்டாரே தேர்வது. கூடி வாழ்வதற்கு யாரும் சத்தியம் வாங்குவதில்லை. அன்புதான் கட்டு. கதவடைக்கப்பட்டவர்களுக்கு இது வெகு பொருத்தமாக அமைந்தது. வெளியிலிருந்து ஐரோப்பியத் தலைவர் ஒருவர் வந்து அமர வேண்டியதில்லையே.

இங்கே ஒரு மறுப்பு எழும். தலைவரான மறுவருடமே வீட்டை விட்டுக் கிளம்பியவர், ஏறக்குறைய பத்தாண்டு துணைக்குருவின்றி அலைந்தவர், 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைப்பட்டவர், இவருக்கு எந்தக் குழுவாழ்வு வாய்த்தது? நியாயமான கேள்வி. இதற்கான பதில் அவர் வாழ்க்கையை விட, அவரைத் தொடர்ந்து வந்தவர்களிடம் இருக்கிறது. 1690களின் நடுவில் கோவா வீட்டிலிருந்து குருக்கள் வந்துசேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வாஸின் மருமகன் கர்வாலோ. 1697இல் கண்டியில் அம்மை பரவி அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு ஓடியபோது, இருவருமாக நின்று நோயாளிகளைக் கழுவி, சோறூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். வருடத்துக்கு ஒருமுறை குரு எட்டிப்பார்த்தாலே பெரிது என்றிருந்த ஊர்களில் குருப்பட்டம் பெறாத ஊர்த் தலைவர்களான மூப்பரும் அண்ணாவியாரும் செபம் சொல்லி, வாசித்து, சபையைக் கூட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் கைக்கு அந்த நூல்கள் போய்ச் சேர்ந்தன. வாஸ் 1711இல் கண்டியில் இறந்தார், பணி நின்றுபோகவில்லை. தனி வீரர் ஒருவரின் துணிச்சலுக்கு இப்படி வாரிசு பிறப்பதில்லை.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. விலக்கப்பட்டவர்கள் கட்டிய இந்த வீடும் விலக்கவே செய்தது. பிராமணக் குடும்பங்களிலிருந்து வந்த குருக்களைத்தான் அது சேர்த்துக்கொண்டது. கோவாவின் இன்னொரு சாதியான சார்தோக் குருக்கள் 18ஆம் நூற்றாண்டில் அங்கேயே சிம்பேல் என்ற ஊரில் தங்களுக்கென்று வேறு சபை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதை மழுப்பிப் பயனில்லை. அன்பே கட்டு என்று சொன்ன வீடு, யாரோடு பந்தியில் உட்காருவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்திருந்தது. அண்ணாவிமாரை நம்பி ஊர்களை விட்ட அதே குருக்கள்தான் இவர்கள் என்பது முரணை இன்னும் கூர்மையாக்குகிறது. இருந்தாலும் இந்தக் குறை என் வாதத்தைக் கெடுக்கவில்லை, ஒருவகையில் அதற்குச் சாட்சியாகிறது. அழைத்தல் வானத்திலிருந்து ஒருவர் காதில் மட்டும் விழும் குரல் என்றால் சாதிக்கு அதில் வேலையில்லை. அது ஒரு வீட்டின் சமையலறை வழியாக வந்தபடியால்தான் அந்தச் சமையலறையின் தீட்டும் கூட வந்தது.

1834இல் போர்த்துகல் அரசு துறவற இல்லங்களை மூடியது. கோவாவில் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தபோது, வார்த்தைப்பாடே இல்லாத இந்த வீடும் தப்பவில்லை. அதே 1834இல்தான் ரோமாபுரி இலங்கையைத் தனி மறைஆட்சிப் பகுதியாக்கி, ஒரத்தோரியர் ஒருவரையே அதன் தலைவராக்கியது. பதவி வந்த நேரத்தில் ஆள் அனுப்பும் வீடு போய்விட்டது. இலங்கையில் இருந்த கோவாக் குருக்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையார் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கினார்கள்.