தொய்வும் சைட்டோகைன்களும்
சைட்டோகைன்கள், நிர்ப்பீடனக் கலங்களிடையே செய்தி கடத்தும் சிறு புரதங்கள்; தொய்வில் (ஆஸ்துமாவில்) அழற்சியை மூட்டுபவை இவை. பெரியகல்லாறு போன்று கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஊர்களின் ஈரக்காற்று, தலையணையில் வாழும் தூசிச் சிற்றுண்ணிகளுக்கு வாய்ப்பானது. அவற்றின் எச்சம் ஒவ்வாமையுள்ளவரின் சுவாசக்குழாய் மேலணியைச் சீண்டினால், அது டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 முதலிய சைட்டோகைன்களைச் சுரக்கும். அபாய மணி இதுவே. அதைக் கேட்ட நிர்ப்பீடனக் கலங்கள் வேறு சைட்டோகைன்களை வெளிவிடும். இன்டர்லூக்கின்-4 ஐஜிஈ பிறபொருளெதிரி உருவாகத் தூண்டும். இன்டர்லூக்கின்-5, இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்களைப் பெருக்கும். இன்டர்லூக்கின்-13தான் பொல்லாதது: சளியைக் கூட்டி, சிறு புகைக்கும் குழாய்த் தசையைச் சுருங்கவைக்கும். ஊரார் ‘முட்டு’ என்பது இந்தத் திணறலைத்தான். நீல இன்ஹேலரிலுள்ள சல்பியூட்டமோல் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், அழற்சியைத் தணிக்காது. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்டே முதன்மை மருந்து. இன்டர்லூக்கின்-5ஐ மறிக்கும் மெபோலிசுமாப், கடுந்தொய்வுக்கென 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.