முகப்பை நம்ப வேண்டாம்: என்ஜின் கொட்டகை மணிக்கூடுகளின் கதை

புகையிரதம் வருவதற்கு முன்னர் பிரித்தானியாவில் ஊருக்கொரு நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வருவதைக் கொண்டு ஒவ்வொரு நகரமும் தன் மணிக்கூட்டைத் திருத்தி வைத்துக்கொண்டது. லண்டனுக்கு மேற்கேயுள்ள பிரிஸ்டல் நகரம் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் பிந்தியிருந்தது. குதிரை வண்டிக் காலத்தில் இந்த வேறுபாடு எவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அது உயிராபத்தான விடயமாயிற்று. கிரேட் வெஸ்டர்ன் புகையிரதக் கம்பனி 1840 நவம்பரில் தன் பாதையில் லண்டன் நேரத்தை நடைமுறைப்படுத்தியது. 1847 இல் புகையிரதக் கம்பனிகளின் பொது அமைப்பு கிரீன்விச் நேரத்தை எல்லாக் கம்பனிகளுக்கும் பரிந்துரைத்தது. பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கியதோ 1880 இல்தான்! பிரிஸ்டல் தானியச் சந்தைக் கட்டடத்தின் மணிக்கூட்டில் உள்ளூர் நேரத்துக்கு ஒன்றும் லண்டன் நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு நிமிட முட்களை இன்றும் காணலாம்.

இவ்வாறு ஒரு தேசத்தின் நேரத்தையே ஒன்றாக்கிய புகையிரதக் கம்பனிகள் ஆயிரக்கணக்கில் மணிக்கூடுகளை வாங்கின. நிலைய மேடைகளில் தொங்கியவற்றைப் பயணிகள் அறிவார்கள். என்ஜின் கொட்டகைகளிலும் பணிமனைகளிலும் தொங்கியவற்றைத் தொழிலாளர் மட்டுமே அறிவார்கள். சாரதியும் பயர்மனும் வேலைக்கு வந்த நேரம் கொட்டகை மணிக்கூட்டைப் பார்த்தே பதியப்பட்டது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் சாரதிகளின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்ப அனுப்பப்பட்ட சிறுவர்களும் அதே மணிக்கூட்டைப் பார்த்துவிட்டே புறப்பட்டார்கள். சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் பிந்தி வந்தமைக்கான தண்டனையும் அந்த முட்களில் தங்கியிருந்தன. எனவே இவற்றை வெறும் அலங்காரப் பொருட்களாகக் கருதுவது தவறு. தொழிலாளர் வரலாற்றின் சாட்சிகளாகவே இவற்றைக் கொள்ள வேண்டும்.

இம்மணிக்கூடுகளிற் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மஹோகனி மரத்தாலான வட்டச் சட்டம், வெள்ளை வர்ணம் பூசிய இரும்பு முகப்பு, உரோம எண்கள், உள்ளே குறுகிய ஊசல். எட்டு நாட்களுக்கு ஒருமுறை சாவி கொடுத்தாற் போதும். சுருள்வில் தளரத் தளர அதன் விசை குறையும். அதனால் நேரம் தவறும். அதனை ஈடுசெய்ய பியூசி எனப்படும் கூம்பு வடிவச் சில்லு ஒன்று உள்ளே இருக்கும். அதன்மேல் சுற்றப்பட்ட சங்கிலி அல்லது நரம்பு, வில் இறுக்கமாக இருக்கும்போது கூம்பின் ஒடுங்கிய பகுதியையும் வில் தளரும்போது அகன்ற பகுதியையும் இழுக்கும். இதனால் விசை சீராகின்றது. லண்டன் ஜோன் வோக்கர், லீட்ஸ் வில்லியம் பொட்ஸ், வூஸ்டர் கேய்ஸ் முதலான நிறுவனங்கள் புகையிரதக் கம்பனிகளுக்கு மணிக்கூடுகளை வழங்கின. இவற்றுள் கேய்ஸ், பிற்காலத்தில் அஞ்சல்வழி விற்பனையில் பெயர்பெற்ற நிறுவனம்.

இப்படி ஒன்றுபோல் இருப்பவற்றை எவ்வாறு பிரித்தறிவது? முகப்பில் எழுதியிருக்கும் கம்பனியின் பெயரைப் பார்த்தாற் போதும் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் மணிக்கூட்டில் மிக எளிதாக மாறக்கூடியது முகப்புத்தான். கொட்டகையின் கரிப்புகை முகப்பைக் கறுக்கச் செய்யும்; பணிமனைக்கு அனுப்பி மீண்டும் வர்ணம் பூசுவார்கள். 1923 இல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் நான்கு பெரும் கம்பனிகளாக இணைக்கப்பட்டன. 1948 இல் அந்த நான்கும் அரசுடைமையாக்கப்பட்டுப் பிரித்தானிய புகையிரத சேவை ஆயின. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் பல முகப்புகளில் பழைய பெயர் அழிந்து புதிய பெயர் ஏறியது. ஆகவே 1950 களின் பெயரைத் தாங்கிய முகப்பின் பின்னால் விக்ரோரியா மகாராணி காலத்து இயந்திரம் இருக்கலாம்.

உண்மையைச் சொல்வது இலக்கம். கம்பனிகள் தம் மணிக்கூடுகளுக்குத் தொடரிலக்கம் இட்டன. சட்டத்தில் அறையப்பட்ட சிறு தகடு, மரத்தில் குத்திய எண், இயந்திரத்தின் பின்தகட்டில் பொறித்த எழுத்துக்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் அம்மணிக்கூடு தன் கதையைத் தானே சொல்லும். தகடு இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் எஞ்சியிருந்தாலும் அதுவும் ஒரு சான்றே. மாறாக, முகப்பில் மட்டும் பழங்கம்பனியின் பெயர் பளபளக்க, வேறெங்கும் ஓர் அடையாளமும் இல்லையென்றால் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 1960 களில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் மூடப்பட்டன. 1968 ஓகஸ்டில் பிரித்தானிய புகையிரத சேவையின் பிரதான பாதைகளில் நீராவி என்ஜின்களின் காலம் முடிந்தது. கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அவற்றிலிருந்த பெயர்ப்பலகைகளும் விளக்குகளும் மணிக்கூடுகளும் விற்பனைக்கு வந்தன. சேகரிப்போரிடையே விலை ஏறியதும் சாதாரணப் பாடசாலை மணிக்கூடுகளும் அலுவலக மணிக்கூடுகளும் ஒரே இரவில் 'புகையிரத மணிக்கூடுகள்' ஆயின. அதனிலும் கொடியது இன்னொன்று. 1948 க்குப் பிந்திய உண்மையான பெயரைச் சுரண்டிவிட்டு, கூடிய விலைக்காக அழிந்துபோன கம்பனியின் பெயரை எழுதினார்கள். இதனை மீளமைப்பு என்றும் சொல்லிக்கொண்டார்கள். போலியை உண்மை என்று விற்பவன் வாங்குபவனை மட்டுமே ஏமாற்றுகிறான். உண்மையான பொருளின் மேல் பொய்யை எழுதுபவன் சான்றையே அழித்துவிடுகிறான்.

பேணுவதற்கான விதிகள் எளியவை. முதலில் படம் எடுக்க வேண்டும்; பிறகே திருகாணியைத் தொட வேண்டும். முகப்புக்குப் புது வர்ணம் பூசலாகாது. பழைய வர்ணத்தின் அடியில் முந்திய பெயரின் நிழல் தெரியக்கூடும். இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்வதை அனுபவமுள்ள மணிக்கூட்டுத் தொழிலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். இறுகிய சுருள்வில் கையைப் பதம் பார்த்துவிடும். எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது, யார் கொடுத்தது என்பவற்றை எழுதி மணிக்கூட்டுடனேயே வைக்க வேண்டும்.

லங்காஷயரின் கார்ன்போர்த், நீராவி என்ஜின்கள் கடைசிவரை இருந்த மூன்று கொட்டகைகளுள் ஒன்றைக் கொண்ட ஊர். 'பிரீவ் என்கவுன்டர்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் இடம்பெற்ற அந்நிலையத்தின் மணிக்கூடு கைமாறிப் போயிற்று. ஊர் மக்கள் அதனைத் தேடிக் கண்டுபிடித்து மீளக் கொண்டுவந்தார்கள். இடம் தெரிந்திருந்தபடியால் திரும்பிவர வழி இருந்தது.

எங்கள் பக்கம் திரும்புவோம். இலங்கையில் முதற் புகையிரதம் 1864 இல் ஓடியது. வடக்குப் பாதை 1905 இல் காங்கேசன்துறையைத் தொட்டது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. தண்டவாளமே மிஞ்சாத இடத்தில் சுவரில் தொங்கிய மணிக்கூடு எங்கே என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது? 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கொழும்பு முதல் ரொறன்ரோ வரை வாழ்கின்றார்கள். உங்கள் வீட்டில் அப்பாவின் மணிக்கூடோ கைவிளக்கோ விசிலோ இருந்தால் அதை மினுக்காதீர்கள். திருப்பிப் பாருங்கள், இலக்கம் இருக்கிறதா என்று. இருந்தால் எழுதி வையுங்கள். எந்த நிலையம், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடிய பெரியவர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.