வரி செலுத்தாதோரைத் தேடிச் சென்ற ஆசிரியைகள்

சென்ற மாதம் எமது அயலில் வசிக்கும் தாய் ஒருவர், மகனின் பாடசாலையில் நடைபெற்ற பெற்றார் சந்திப்பிற்கு மொழிபெயர்ப்பாளராகத் தம்முடன் வருமாறு எம்மை அழைத்திருந்தார். பத்து நிமிடச் சந்திப்பு. அதில் பெரும்பகுதியை வகுப்பாசிரியை தமது குறைகளைச் சொல்லவே செலவிட்டார். வகுப்பில் பிள்ளைகள் அதிகம். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு உதவிய துணையாசிரியரை நிறுத்திவிட்டார்கள். மேலிடத்திற்கு எழுதினால் பதில் வருவதில்லை. வெளியே வந்ததும் அந்தத் தாய் எம்மிடம் கேட்டார்: "மாஸ்டர், இவ என்ன, பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் தன்ர கஷ்டத்தையே சொல்லிக்கொண்டிருந்தவ?"

அன்று வழியில் நாம் சொன்ன விடை போதுமானதன்று. ஆசிரியரின் கஷ்டம் எங்கே முடிகிறது, பிள்ளையின் கஷ்டம் எங்கே தொடங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அமெரிக்காவின் சிக்காகோ நகரப் பாடசாலைகளின் கதையைச் சற்று அறிதல் நன்று. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட கதை அது. அதன் மையத்தில் இருந்தோர் பெரும்பாலும் வாக்குரிமையற்ற பெண்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகளோ பெரும்பாலும் எம்மைப் போல் வேறு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தோரின் பிள்ளைகள்.

1900 ஆம் ஆண்டளவில் சிக்காகோவின் சனத்தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அவர்களில் ஏறக்குறைய முக்காற் பங்கினர் வெளிநாட்டிற் பிறந்தோர் அல்லது அத்தகையோரின் பிள்ளைகள்: அயர்லாந்தினர், ஜேர்மானியர், போலந்தினர், பொகீமியர், லித்துவேனியர் எனப் பலர். நகரின் தென்மேற்கே 1865 இல் திறக்கப்பட்ட மாபெரும் கால்நடைச் சந்தையும் அதைச் சூழ்ந்த இறைச்சித் தொழிற்சாலைகளும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் பதினாறு ஆண்டுகள் வரை ஆறாம் வகுப்புக்குக் கற்பித்தவர் மார்கரெட் ஹேலி என்ற ஐரிஷ் வம்சாவளிப் பெண்மணி. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள் இருப்பது அக்காலத்து வழக்கம். பலருக்கு வீட்டில் ஆங்கிலம் இல்லை. வேலைக்குப் போவதற்கென்று பாடசாலையை விட்டு நீங்குவோர் பலர்.

தொடக்கப் பாடசாலை ஆசிரியைகளின் உச்சச் சம்பளம் ஆண்டுக்கு 825 டொலர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது உயரவில்லை. 1897 இல் அவர்கள் தமக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தனர். சில ஆண்டுகளிலேயே தொடக்கப் பாடசாலை ஆசிரியைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் அதில் இணைந்துவிட்டனர். 1898 இல் கல்விச் சபை ஒருவாறு சம்பள உயர்வுக்கு இணங்கியது. ஆயின் அதிக காலம் செல்லுமுன்பே பணம் இல்லை என்று கூறி அதனை நிறுத்திவிட்டது.

பணம் இல்லை! ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எமக்கு இச்சொற்கள் புதியனவல்ல. உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் ஆசிரியனை முதலில் வரவேற்கும் சொற்கள் இவையே. நாம் பெருமூச்சு விட்டு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவோம். ஹேலியும் அவரது தோழி கதரின் கொகினும் அவ்வாறு செய்யவில்லை. பணம் ஏன் இல்லை என்று கேட்டனர். 1900 இல் ஹேலி வகுப்பறையை விட்டு நீங்கிச் சம்மேளனத்தின் முழுநேர ஊழியரானார். இருவரும் வரிப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினர்.

அவர்கள் கண்டுபிடித்தது யாதெனில், நகரின் எரிவாயு, மின்சாரம், தொலைபேசி, ட்ராம் வண்டிக் கம்பனிகள் நகர வீதிகளைப் பயன்படுத்துவதற்குப் பெற்றிருந்த விசேட உரிமங்களின் பெறுமதிக்கு வரி செலுத்தவே இல்லை என்பதாகும். ஏழைத் தொழிலாளி தன் சிறு வீட்டிற்கு வரி கட்டினான். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான உரிமங்களுக்கோ வரியில்லை. சட்டப்படி அவற்றை மதிப்பிட்டிருக்க வேண்டிய மாநிலச் சபை அதனைச் செய்யவில்லை. ஆசிரியைகள் ஸ்பிரிங்பீல்டுக்குச் சென்று மாநிலச் சபையிடம் முறையிட்டனர். சபை செவிசாய்க்கவில்லை, வழக்குத் தொடுத்தனர். 1901 ஒக்டோபரில் இலினோய் மாநில உச்ச நீதிமன்றம் ஆசிரியைகளின் பக்கமே நியாயம் உண்டெனத் தீர்ப்பளித்தது. கம்பனிகள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடித் தொகையைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. அவ்வாறு குறைத்த பின்பும் சுமார் 6 இலட்சம் டொலர் வசூலாயிற்று. கல்விச் சபையின் பங்காக ஏறக்குறைய 2½ இலட்சம் டொலர் வந்தது.

இத்துடன் கதை இனிதே முடிந்ததென வாசகர் எண்ணலாம். அதுதான் இல்லை. வந்த பணத்தைச் சபை திருத்த வேலைகளுக்கும் நிலக்கரிச் செலவுக்கும் ஒதுக்கியது. ஆசிரியைகள் மீண்டும் நீதிமன்றம் ஏறினர். 1904 இல் நீதிபதி எட்வேர்ட் டன் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு அதே டன் நகர முதல்வராகத் தெரிவு செய்யப்பட்டார்.

இன்னொரு விடயத்தையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சதுர மைல் நிலத்தைப் பாடசாலைகளின் பராமரிப்புக்கென ஒதுக்கும் பழைய சட்டம் ஒன்று இருந்தது. சிக்காகோவில் அந்நிலம் நகரின் நெஞ்சிலேயே அமைந்திருந்தது. 1833 இல், நகரம் இன்னும் சேற்று நிலமாக இருந்த வேளையில், அதில் மிகப் பெரும் பகுதியை 40,000 டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். எஞ்சிய துண்டுகளைப் பிற்காலத்தில் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தபோது, இடையிடையே பெறுமதியை மீளாய்வு செய்யும் நிபந்தனையையும் சிலருக்காக நீக்கிக் கொடுத்தனர். அவ்வாறு பயன்பெற்றோருள் ஒரு பெரிய நாளேடும் அடங்கும். அந்நாளேடு ஆசிரியைகளின் சம்மேளனத்தை ஓயாது வசைபாடியது ஏன் என்பது இதனால் விளங்கும்.

சம்பளம் மட்டுந்தானா அவர்களின் கோரிக்கை? இல்லை. 1899 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரின் தலைமையிலான ஆணைக்குழு, பாடசாலைகளின் அதிகாரம் அனைத்தையும் ஒரு கல்வி அத்தியட்சகரின் கையிற் குவிக்க வேண்டும் என்றும், ஆண் ஆசிரியர்களுக்குக் கூடிய சம்பளம் கொடுத்து அவர்களை ஈர்க்க வேண்டும் என்றும் விதந்துரைத்தது. வகுப்பறையில் நிற்போரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. சில ஆண்டுகளின் பின் ஆசிரியர்களுக்கு இரகசியமாகப் புள்ளியிடும் முறையும் வந்தது. தமக்கு எத்தனை புள்ளி, எக்குறைக்காகக் குறைக்கப்பட்டது என்பதை அறியும் உரிமை ஆசிரியைக்கு இல்லை. 1904 இல் சென் லூயிஸ் நகரில் நடந்த தேசியக் கல்விச் சங்க மாநாட்டில் ஹேலி உரையாற்றியபோது ஆசிரியரின் பணிக்குத் தடையாக நான்கினை எடுத்துக்காட்டினார். வாழ்க்கைச் செலவு ஏறச் சம்பளம் நின்றுவிட்டமை. பதவிக்கும் முதுமைக்கும் பாதுகாப்பின்மை. நிரம்பி வழியும் வகுப்பறைகளில் அளவுக்கு மீறிய வேலை. நான்காவதாக, ஆசிரியர் சிந்திப்பவராக மதிக்கப்படாது, மேலிருந்து வரும் கட்டளையை நிறைவேற்றும் தொழிற்சாலைக் கையாக மாற்றப்பட்டமை. இந்நான்காவதே எமது நெஞ்சைத் தைப்பது.

நாம் ஊரிற் கற்பித்த காலத்தில் ஒருமுறை எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திட்டம் பற்றி மூன்று பக்கங்களில் யோசனைகள் எழுதி அனுப்பினோம். எமது வகுப்பில் அப்போது 52 மாணவர்கள். எழுதிய யோசனைகளில் பாதி, அத்தனை பேரை வைத்துக்கொண்டு அப்பாடத்தை எவ்வாறு நடத்தலாம் என்பதே. ஏழு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: கடிதம் உரிய வழியில் அனுப்பப்படவில்லையாம். நாம் எழுதியதை யாரேனும் வாசித்தார்களா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது.

இக்குறையை ஆராய்ந்தவர் எல்லா பிளாக் யங் அம்மையார். 1862 இல் சிக்காகோவில் ஆசிரியையாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர். அதிகாரிகளின் போக்குப் பிடிக்காது 1899 இல் பதவி துறந்தார். ஐம்பது வயதை எட்டிய பின் கல்வியியலாளர் ஜோன் டூயியிடம் மாணவியாகவும் பயின்றார். 1900 இல் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள், பாடசாலையில் ஒவ்வொரு தரத்தாரும் மற்றவரிடமிருந்து பிரிந்து தனித்து நிற்பது பற்றியது. அதிபருக்கு ஆசிரியையின் மனம் தெரியாது; அத்தியட்சகருக்கு அதிபரின் மனம் தெரியாது. இதற்கு மருந்தாக அவர் முன்வைத்தது ஆசிரியர் கழகங்கள். பாடத்திட்டம், நூல்கள், வகுப்பு ஒழுங்கு ஆகியன பற்றி ஆசிரியர்கள் தாமே கூடி விவாதித்து மேலிடத்திற்கு அறிவிக்கும் அமைப்பு அது.

1909 இல் யங் அம்மையாரே சிக்காகோவின் கல்வி அத்தியட்சகரானார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் பாடசாலைகளுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி அவர். கழகங்களுக்கு இடமளித்தார், இரகசியப் புள்ளி முறையை ஒழித்தார். 1913 டிசம்பரில் சபை அவரை நீக்க முயன்றபோது நகரப் பெண்கள் திரண்டு எழுந்து அவரை மீண்டும் அப்பதவியில் இருத்தினர். 1915 இல் அவர் ஓய்வுபெற்றார். பின் 1924 இல் பதவியேற்ற வில்லியம் மக்கன்றூ கழகங்களைக் கலைத்தார். ஒருவர் பல்லாண்டு சிந்தித்துக் கட்டியதை இன்னொருவர் ஒரு சுற்றறிக்கையால் கலைத்துவிடலாம் என்பது கல்வித்துறையின் சாபக்கேடு.

சம்மேளனத்திற்கும் துன்பங்கள் வந்தன. தமக்கு வாக்குரிமை இல்லாமையால், வாக்குரிமை உள்ள ஆண் தொழிலாளரின் துணை வேண்டி அது 1902 இல் நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இணைந்திருந்தது. இதனை அன்றைய கனவான்கள் பெரும் அவமானமாகக் கருதினர். 1915 இல் கல்விச் சபை உறுப்பினர் ஜேக்கப் லோப் கொண்டுவந்த விதி அத்தொடர்பைத் தடைசெய்தது. 1916 இல் 68 ஆசிரியர்களுக்கு மீள்நியமனம் மறுக்கப்பட்டது. 1917 இல் மாநில உச்ச நீதிமன்றமும் சபையின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. சம்மேளனம் தொழிற்சங்கத் தொடர்பை விட்டது. ஆயின் அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், மூன்றாண்டு பரீட்சார்த்த சேவையின் பின் ஆசிரியருக்கு நிரந்தரப் பதவி என்பதை உறுதிசெய்தது.

இடையிலுள்ள ஆண்டுகளை விரைந்து கடப்போம். பெரும் பொருளாதார வீழ்ச்சியில், 1931 முதல் 1933 வரை, சிக்காகோ ஆசிரியர்கள் மாதக்கணக்கிற் சம்பளமின்றிக் கற்பித்தனர். சில வேளை பணத்திற்குப் பதிலாகக் கடன்சீட்டுக் கிடைத்தது. 1933 ஏப்ரலில் அவர்கள் வங்கிகளுக்குள்ளேயே ஊர்வலமாகப் புகுந்தனர். நிலுவை தீர்ந்தது 1934 இல், கூட்டாட்சி அரசின் கடனால். 1963 ஒக்டோபர் 22 அன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பாடசாலையைப் பகிஷ்கரித்தனர். கறுப்பினப் பிள்ளைகள் நெருக்கடியான பாடசாலைகளிலும் தகர வண்டி வகுப்பறைகளிலும் அடைக்கப்பட்டிருக்க, வெள்ளையர் பகுதிகளில் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தமையே காரணம்.

1987 இல் 19 பாடசாலை நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தது. பெற்றார் கொதித்தனர். ஆசிரியர்மீதும் கோபம், சபைமீதும் கோபம். அக்கோபத்தின் விளைவாக 1988 இல் பிறந்த சட்டம் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் உள்ளூர்ச் சபையை ஏற்படுத்தியது. அன்று அதில் பெற்றார் ஆறு பேர், அயலவர் இருவர், ஆசிரியர் இருவர், அதிபர் ஒருவர் என இடம்பெற்றனர். அதிபரை நான்காண்டு ஒப்பந்தத்தில் நியமிப்பதும் அச்சபையே. 1995 இல் வந்த இன்னொரு சட்டம் நகரக் கல்வி நிர்வாகத்தை முதல்வரின் கையிற் கொடுத்ததோடு, வகுப்பின் அளவு பற்றி ஆசிரியர் பேரம் பேசும் உரிமையையும் பறித்தது. வகுப்பின் அளவு ஆசிரியரின் சொந்த விடயமாம்!

2012 இல் ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே தனது யோசனைகளை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. சிறிய வகுப்புகள், சித்திரமும் சங்கீதமும், தாதிமார், சமூகப் பணியாளர், நல்ல கட்டிடம் என்பனவே அதிற் பெரும்பகுதி. ஏழு பாடசாலை நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. மறு ஆண்டு நிர்வாகம் சுமார் 50 பாடசாலைகளை மூடியது. 2019 இல் பதினொரு நாள் வேலைநிறுத்தத்தின் பின்னரே ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தாதியும் ஒரு சமூகப் பணியாளரும் என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் ஏறியது. 2024 நவம்பரில் சிக்காகோ மக்கள் முதன்முறையாகக் கல்விச் சபையின் ஒரு பகுதியைத் தாமே வாக்களித்துத் தெரிவு செய்தனர்.

எம்மவருக்காக ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறோம். 1989 இல் உள்ளூர்ச் சபைகளுக்கு முதற் தேர்தல் நடந்தபோது, பெற்றார் வாக்களிப்பதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை என்றே சட்டம் இருந்தது. மெக்சிக்கோவிலிருந்து வந்து கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்த தாயும் தன் பிள்ளையின் அதிபர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்ளலாம். தேர்தலில் நிற்கவும் செய்யலாம்.

சந்திப்பு முடிந்து வந்த அன்று மாலை, அயலவரான அந்தத் தாய் மகனின் புத்தகப் பையின் அடியிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பாடசாலைப் பெற்றார் குழுவுக்கு உறுப்பினர் தேவை, விரும்புவோர் பெயரை எழுதி அனுப்புக என்றிருந்தது. இறுதித் திகதி கடந்து மூன்று நாட்களாகியிருந்தன. நாம் மறுநாட் காலை பாடசாலை அலுவலகத்திற்குத் தொலைபேசி எடுத்தோம். இதுவரை ஒருவருமே பெயர் கொடுக்கவில்லை, இன்றும் அனுப்பலாம் என்றார்கள்.