ஏட்டில் இல்லாத தந்தை பெயர்

அமெரிக்காவின் பழைய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் தம் முன்னோரைத் தேடுவோர் முதலில் நாடுவது கௌண்டி நீதிமன்ற ஏடுகளையே. வர்ஜீனியாவின் கீழைக்கரையில் அவை 1632 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. நிலக்கிரயம், உயில், கடன் வழக்கு யாவும் அங்கே பதிவாயின. வெள்ளைக் குடும்பங்களுக்கு அவை வம்ச வரலாறு. அடிமைகளோ, இறந்த எசமானரின் சொத்துப் பட்டியலில் கால்நடைகளுக்கு அருகே, ஒற்றைப் பெயரும் விலையுமாக நிற்கின்றனர். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்ததே என 1662-இல் வர்ஜீனியா சட்டம் இயற்றிய பின், தந்தை யாரென எழுதும் தேவையே சட்டத்துக்கு இல்லாது போயிற்று. பிள்ளைகளைத் தந்தையர் பெயரால் அழைக்குமாறு அஹ்ஸாப் அத்தியாயத்தில் பணிக்கப்பட்ட நம் மார்க்கத்தாரும் அப்பட்டியல்களில் அடங்கினர்.

அவர்களுள் ஒருவருடைய நஸபு தப்பியது. மேரிலாந்தின் புகையிலைத் தோட்டம் ஒன்றில் 'சைமன்' என அழைக்கப்பட்டவர் அவர். தொழும்போது ஒரு வெள்ளைச் சிறுவன் முகத்தில் மண்ணை வீசி ஏளனம் செய்துவந்தான். மனம் நொந்து தப்பியோடியவர், டெலவேர் விரிகுடாவையொட்டிய கென்ட் கௌண்டியில் பிடிபட்டார். அனுமதிச் சீட்டற்ற அடிமையை எசமானர் வரும்வரை சிறைவைப்பது அக்காலச் சட்டம். 1731 ஜூனில், நீதிமன்ற அலுவலாக அங்கு வந்திருந்த தாமஸ் ப்ளூயட் அவரைக் காணச் சென்றார். சிறைக்காவலரின் வீடே மதுக்கடையாகவும் இருந்தது. ஆங்கிலம் அறியாத அக்கைதி நீட்டிய மதுவை மறுத்தார். இரண்டொரு வரி எழுதி, அல்லாஹ்வின் பெயரையும் நபிகளாரின் பெயரையும் உச்சரித்தார். முஸ்லிம் என்பது விளங்கிற்று.

பின்னர் ப்ளூயட் எழுதிய நூலில் அவர் பெயர் மூன்று தலைமுறையுடன் வருகிறது: அய்யூப் இப்னு சுலைமான் இப்னு இப்ராஹீம், குடும்பப் பெயர் ஜல்லோ. ஊர், இன்றைய செனகலின் கிழக்கிலுள்ள புந்து. இரு அடிமைகளை விற்கவும் காகிதம் வாங்கவும் காம்பியா ஆற்றங்கரைக்குச் சென்றவிடத்தில்தான் அவரே சிறைபிடிக்கப்பட்டார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

தந்தைக்கு அவர் அரபியில் வரைந்த மடல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஓகில்தோர்ப்பின் கைக்கு எட்டியது, ஆக்ஸ்போர்டில் மொழிபெயர்க்கப்பட்டது. 45 பவுன் பிணையில் அவரை வரவழைத்தனர். லண்டனில் குர்ஆனை நினைவிலிருந்தே மும்முறை எழுதிய அய்யூப், 1734-இல் தாயகம் திரும்பினார். அவருடன் பிடிபட்ட மொழிபெயர்ப்பாளர் லாமினும் மேரிலாந்தில் விற்கப்பட்டிருந்தார். அவரையும் மீட்குமாறு அய்யூப் வேண்டிக்கொண்டார்; 1738-இல் லாமினும் ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தார்.