நாளமும் வாயும்: வாந்திபேதிச் சிகிச்சை வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருந்து எவ்வழியால் உடலினுட் செல்கின்றது என்பது மருத்துவ நூல்களில் வெறும் நுட்பப் பிரச்சினையாகவே பேசப்படுகின்றது. அம்மருந்து யாருடைய கையில் இருக்கின்றது என்ற வினா அங்கு எழுவதில்லை. வாந்திபேதிச் சிகிச்சையின் வரலாறு அவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாததாக்குகின்றது.

வாந்திபேதியிற் கொல்வது நீரிழப்பே. 1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா உப்புநீரை நோயாளியின் நாளத்தினூடே செலுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவில் லெனாட் றொஜேர்ஸ் அம்முறையைத் திருத்தி இறப்பைக் குறைத்தார். இவை அறிவியலின் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின், நாளவழிக்குக் கிருமிநீக்கிய திரவமும் ஊசியும் குழாயும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். வாந்திபேதி புகுந்த குடிசைகளில் இவற்றுள் எதுவும் இருந்ததில்லை.

1953இல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, கல்கத்தாவில் 186 நோயாளருக்குக் குளுக்கோசு கலந்த உப்புநீரை வாய்வழி கொடுத்துக் கண்ட பயனை ‘லான்செற்’ இதழில் வெளியிட்டார். அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமை அவ்வாய்வின் குறையே. எனினும், குறையுள்ள ஆய்வைத் திருத்திச் செய்து பார்க்கவும் எவரும் விரையவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1960இல் றொபேட் கிறேன், குடற்சுவரினூடே குளுக்கோசும் சோடியமும் இணைந்தே கடத்தப்படுகின்றன என விளக்கினார். 1968இல் டேவிட் நலினும் றிச்சட் காஷும் டாக்காவில் வாய்வழியின் பயனை நிறுவினர். அவர்கள் பணியாற்றிய ஆய்வுகூடம் ‘சீற்றோ’ இராணுவக் கூட்டணியின் ஆதரவில் தோன்றியது என்பது வரலாற்றின் முரண்நகை.

ஆய்வுகூடத்தின் உண்மையை மக்களிடம் கொணர்ந்தது ஒரு போர். 1971இல் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர நகரான பொங்காவோனில் நாளவழித் திரவம் தீர்ந்துவரவே, திலீப் மகாலனாபிஸ் துணிந்து வாய்வழியை மேற்கொண்டார். லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு: இவை கல்கத்தாவில் நிறுக்கப்பட்டுப் பொலித்தீன் பைகளில் அடைக்கப்பட்டன. முகாமிற் பீப்பாய்களிற் கரைத்த நீரை உறவினரே கோப்பைகளால் ஊட்டினர். அதிர்ச்சி நிலையில் வந்தோருக்கு முதலில் நாளவழியே வேண்டியிருந்தது, இன்றும் அவ்வாறே. இருப்பினும், முன்னர் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்குக் கீழே வீழ்ந்தது. நோயாளியின் தாய், பார்வையாளர் நிலையிலிருந்து சிகிச்சையாளர் நிலைக்கு உயர்ந்தாள். இந்நிகழ்வைத் தனிமனித மேதைமையின் கதையாக மட்டும் எழுதுவோர் இம்மாற்றத்தைக் காணத் தவறுகின்றனர்.

நம் வீடுகளில் ‘ஜீவனி’ எனப் பெயர்பெற்ற தூள் இம்மரபில் வந்ததே. வங்காளதேசத்திலோ அப்பொட்டலமும் எட்டாத கிராமங்கள் இருந்தன. 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மூவிரல் சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரைச் சேர் நீரிற் கரைக்கும் முறையை ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்பித்தனர். ஊழியரின் கூலி, கற்ற தாய்மார் பின்னர் எவ்வளவை நினைவிற் கொண்டிருந்தனர் என்பதைச் சோதித்தே கணிக்கப்பட்டது.